மீன் அறுக்கும் பெண்கள் படத்தின் மூலையில் இருந்த பெயர்

அன்பான எல்ஸ்பெத் அம்மணிக்கு,

உங்கள் கையெழுத்தை நாங்கள் சுரண்டி எடுத்துவிட்டோம். நடந்தது இதுதான்.

உங்கள் ஸ்காட்லாந்திலிருந்து எனக்கு டீ-சர்ட் ஆர்டர் வந்தது. நெஞ்சில் அச்சடிக்க, நீங்கள் அந்தக் காலத்தில் வரைந்த படம்: துறைமுகத்தில் மீன் அறுக்கும் மூன்று பெண்கள். அச்சுக்கு எடுக்கும் ஃபிலிமில் புள்ளி, கீறல் எது தெரிந்தாலும் பிளேடால் சுரண்டிவிடுவது எங்கள் திருப்பூர் வழக்கம். மூலையில் இருந்த உங்கள் பெயரும் அதோடு போயிற்று.

"அழுக்குன்னு நெனச்சுட்டனுங்க அக்கா," என்றார் பிரிண்டிங் பழனிச்சாமி.

"மீனோட செதிலு தெரிஞ்சுது, வரைஞ்சவ பேரு மட்டும் அழுக்காத் தெரிஞ்சுதாக்கும்," என்றேன்.

அதற்குள் சாம்பிள் போய், அப்ரூவலும் ஆகிவிட்டது.

படத்தோடு வந்த குறிப்பை மகள் படித்துச் சொன்னாள். பூ வரையச் சொன்னார்களாம். நீங்கள் மீன் நாற்றத்தில் போய் உட்கார்ந்தீர்களாம். கணவர் பெயரைப் போட்டால் விற்கும் என்ற கடைக்காரரிடமிருந்து படத்தைத் திரும்பத் தூக்கி வந்தீர்களாம். கடைசிவரை அது விற்கவே இல்லை. வலித்ததா, அம்மணி?

அந்தப் பெண்கள் கத்தி படாமலிருக்க விரலில் துணி சுற்றியிருக்கிறார்கள். கூலிக்குப் போன காலத்தில் நானும் விரலில் வேஸ்ட் துணி சுற்றிக்கொண்டுதான் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இன்று காதர்பேட்டையில் என் கம்பெனிப் பலகையில் 'அண்ட் பிரதர்ஸ்' என்று இருக்கிறது. பெண் பெயருக்குக் கடனில் நூல் தரமாட்டார்கள் என்று நானே எழுதவைத்தது. எனக்குக் கூடப்பிறந்தவனே கிடையாது.

நேற்று இந்த ஆர்டரைப் பிடித்துத் தந்த ஏஜென்ட் வந்தார். "அப்ரூவல் ஆனதை மாத்துனா ஷிப்மென்ட் தள்ளிப் போகுமுங்க. செத்துப்போனவங்க வந்து கேக்கவா போறாங்க?"

"நான் கேக்கறனுங்களே."

"ஆர்டரே கைமாறிடுமுங்க."

"மாறட்டுமுங்க. அவங்க பேரில்லாம ஒரு பீஸு என் கம்பெனி வாசலைத் தாண்டாது."

அவர் செல்போனோடு வெளியே போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "உங்ககிட்ட மனுசன் பேச முடியாதுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தச் சரக்கு போனதும் அந்தப் பலகையைக் கழற்றி என் பெயரை எழுதுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

பேசி முடித்தது இவ்வளவுதான்: புது ஃபிலிம் என் செலவு. கப்பல் தவறினால் விமானக் கூலியும் என் பொறுப்பு. படத்தின் மூலை உங்களுடையது.

விரலில் துணி சுற்றிய உறவில்,
உங்கள் தங்கை,
சரஸ்வதி