முப்பத்திரண்டுக்கு இருபது

ஜூலை 8, செவ்வாய்

பாலிடெக்னிக்கை விட்டு வந்து மூன்று மாதம். அப்பா லோரி சாவியை மேசையில் போட்டபடியே சொன்னார்: "இருபத்தொன்னாந் தேதிலேருந்து நீயும் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு, காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்து நில்லு. ஆபீஸ் கிராணிகிட்ட பேரு குடுக்கப் போறேன்."

"குடுக்காதீங்க. எனக்கு வேல இருக்கு."

இல்லை. இருக்கும்.

ஜூலை 9, புதன்

ரிங்லெட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸுல்கிஃப்லி அண்ணனிடம் நேராகவே வேலை கேட்டேன். பின்னால் கிடந்த பழைய சாமான்களைக் காட்டினார்.

"வேண்டியத எடுத்துக்க. ஒன்னு கட்டு. ஒங்க லயத்து வீட்டுலேருந்து அதுலயே மேட்ட ஏறி வா. எறங்கித் தள்ளுன, அப்படியே வீட்டுக்குப் போயிடு லா."

கியர் மாற்றும் பாகம் ஒன்றும் உருப்படியாக இல்லை. சரி, ஒரே கியர்.

ஜூலை 12, சனி

முன்னால் 46 பல், பின்னால் 16. கோலாலம்பூர் பையன்கள் வீடியோவில் ஓட்டுகிறார்களே, அது. ஹேண்டல்பாரும் அதே மாதிரி கீழே வளைந்தது. பார்க்க என்ன ஸ்டைல்! முதல் மேட்டிலேயே பெடல் நகரவில்லை. சாய்ந்தேன்.

பக்கத்து வீட்டு புவனேஸ் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "யுவனா, ரோட்ட சமமாக்கச் சொல்லி தோட்டத்துத் துரைகிட்ட பேசவா?"

போடா.

ஜூலை 14, திங்கள்

முன்னால் 32, பின்னால் 20. இறக்கத்தில் கால் சும்மா சுற்றும். சுற்றட்டும். எனக்கு ஏறணும், அவ்வளவுதான்.

அகலமான நேர் பார் மாட்டினேன். லோரி ரோட்டு வளைவு செங்குத்து. தேயிலைக் காட்டு ஊடே போனால் மேடு குறைவு. ஆனால் பார் நுழையணுமே? வரிசை நடுவில் அளந்து, பாரை இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு அறுத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

பாதி வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பார் சிக்கிக்கொண்டது. கை முழுக்கக் கீறல். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள்.

"எங்கடி அளந்த?"

"ரோட்டோரக் காட்டுல."

"அது கவ்வாத்து வெட்டுன காடுடி! இங்க செடியெல்லாம் கையக் கோத்துக்கிட்டு நிக்குது பாரு." வரிசையே சிரித்தது.

தெரியும். பொறந்ததுலேருந்து பாக்குறேன். மறந்துட்டேன், போதுமா?

ஜூலை 17, வியாழன்

குட்டைப் பாரைப் பிடித்து எழுந்து மிதித்தால் பலமே இல்லை. வளைந்த பாரை புவனேஸிடம் கொடுத்து, அவனுடைய பழைய சைக்கிளின் அகலப் பாரை வாங்கினேன். ஸ்டைல் அவனுக்கு.

இதை அறுக்க மாட்டேன். லோரி ரோட்டிலேயே போறேன்.

ஜூலை 19, சனி

வளைவில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். அப்பாவின் லோரி, ஆள் நிறைய. ஒதுங்கினால் கால் ஊன்றணும். ஒதுங்கவில்லை. மறுபடி ஹாரன்.

லோரிக்குள்ளிருந்து அம்மா குரல்: "ஹாரன் அடிக்காதீங்க! அவ ஏறட்டும்!"

மேலே போய்ச் சேரும்வரை அவர் முதல் கியரில்தான் வந்தார்.

கடையில் ஸுல்கிஃப்லி அண்ணன் செயினை விரலால் அழுத்திப் பார்த்தார். கீறிய கையையும் பார்த்தார். "திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துடு."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கிராணி பேச்சே எடுக்கவில்லை.

"எனக்கு முன்னாடியே கெளம்பிடு லா. ஒன் பின்னால ஊர்ந்து வந்தா, லோரில உள்ளவங்க எறங்கி நடந்தே போயிடுவாங்க."