ஒரேயொரு சின்ன அங்கி

ஆடி, கடைசி வெள்ளி. இரவு.

நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது காற்று பலமாக இருந்தது. உயிர்காப்பு அங்கிகளைக் கொடுத்துக்கொண்டு வந்த படகுக்காரர், "சின்னன் ஒண்டுதான் மிச்சம், தங்கச்சி" என்று என்னிடம் நீட்டினார். நான் யோசிக்கவேயில்லை. மகனுக்குப் போட்டுவிட்டேன்.

அவனுக்கு ஐந்து வயது, யாழினிக்கு ஏழு. அங்கி இருவருக்கும் அளவுதான். யாழினி என் கணவரின் முதல் மனைவியின் பிள்ளை. தாய் இறந்தபின், ஒரு வயதில் என் கைக்கு வந்தவள். வீட்டில் மீன்பொரியலைக்கூட இருவருக்கும் பார்த்துப் பார்த்துச் சரிபாதியாகத்தான் வைப்பேன்.

பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "மூத்தவளுக்கு ஒண்டுமில்லையே, பிள்ளை?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் யாழினி சொன்னாள்: "தம்பிக்கு நீந்தத் தெரியாது, அன்ரி. அவன் போடட்டும்."

அவளுக்கும் நீந்தத் தெரியாது.

அப்போதாவது அதைக் கழற்றி அவளுக்குப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. அவளை இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கும் வழக்கம்போல என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் நித்திரையானாள். கோபித்திருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.