பாதித் தொட்டித் தண்ணீர்

தம்பிக்கு,

நீ செய்த தண்ணீர் டிரெய்லர் என் மானத்தை வாங்கிவிட்டது. சாலையில் ஓட்டச் சான்றிதழ் கேட்டு நேற்று ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோனேன். விளக்கு, பிரேக் எல்லாம் சரி. பாதித் தொட்டித் தண்ணீரோடு பிரேக் போட்டதும் தண்ணீர் முன்னால் பாய்ந்து, டிராக்டரைத் தள்ளி ஆபீஸ் கேட்டில் முட்டவைத்தது. "உள்ள தடுப்புத் தகடே இல்லையேம்மா. எந்தப் புத்திசாலி செஞ்சான்?" என்றார் ஆய்வாளர்.

உன்னைத் திட்டிக்கொண்டேதான் தொட்டிக்குள் இறங்கினேன். தகடு வைக்க ஆணியால் இரண்டு கோடு கீறியிருக்கிறாய். மூன்றாவது பாதியில் நிற்கிறது. "வெளிய போடா" என்று நான் கத்தி, நீ அப்படியே விட்டுவிட்டுப் போனது அப்போதுதான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பெயிண்ட் அடித்தவளும் நான்தான்.

மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். மூன்று தகடும் வெட்டி வைத்திருக்கிறேன். எனக்கு வெல்டிங் வராது.

உன் அக்கா