பின்பால் மிஷினுக்கு நான் கொடுத்த வாக்கு

6.8.2025

மிஷினில் குண்டைத் தட்டிவிடும் வலது கை இன்று மறுபடியும் சோர்ந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் பாதி எழும்பிவிட்டு விழுகிறது. குண்டு அதன் மேல் உருண்டு நேரே நடுப்பள்ளத்துக்குள் போய்விடுகிறது. எனக்கு வயதாகிவிட்டதால்தான் இப்படி என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு ஆட வந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான் விழுந்தது. ஒருவன், "பாட்டிம்மா, இதுக்கு வாதம் அடிச்சிருச்சு" என்றான். சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. பழைய தோல் கிடங்கைக் கழுவி, ஏசி வைத்து, மருமகன் வாஜித் இந்த விளையாட்டு ஹாலைத் திறந்தபோது மற்ற மிஷின் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் டிவிக்குள் கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது. இது ஒன்றில்தான் கண்ணாடிக்குக் கீழே நிஜமான இரும்புக் குண்டு ஓடுகிறது, நிஜமாகப் போய் இடிக்கிறது. இரண்டு கையையும் நாம்தான் ஆட்ட வேண்டும். நான் ஆடுவதைப் பேத்தி ஹுஸ்னா வீடியோ எடுத்தாள். "நம்பி வாங்கலாம், நான் சொல்றேன்" என்று அதில் சொல்லியிருக்கிறேன். மிஷின் விற்ற சென்னைக் கம்பெனி அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. எங்கள் திண்டுக்கல் பேகம்பூரில் கறிக்கடைக்காரர் வரை பார்த்துவிட்டார்.

சொன்னது என் வாய். அதனால் அந்தக் கை விழும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

8.8.2025

கம்பெனி பெலிக்ஸிடம் பேசினேன். மிஷினைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவர். "எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேம்மா, நானும் உங்க புள்ள மாதிரிதான்" என்று அன்றைக்குச் சொல்லிப் போனவர். உடனே எடுத்தார். "ஒண்ணும் இல்லம்மா, அப்டேட் ஒண்ணு வந்திருக்கு. வைஃபைல போட்டீங்கன்னா சரியாயிடும்."

ஹுஸ்னா போட்டாள். மிஷின் அணைந்து எரிந்தது. புதுப் பாட்டு ஒன்று பாடியது. கை அப்படியேதான் இருக்கிறது.

11.8.2025

சரியாகவில்லை என்றேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

13.8.2025

வேறு பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

19.8.2025

இப்போது ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய், முதலில் இருந்து ஆரம்பிக்கிறது. எடுத்த பாயிண்ட் எல்லாம் போயிற்று. பிள்ளைகள் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

பெலிக்ஸ், "உங்க ஊர் கரண்டு சரியில்லம்மா" என்கிறார். வாஜித்துக்குக் கோபம். "இந்த ஊர்ல ஆஸ்பத்திரி ஓடுது, மில்லு ஓடுது. இவன் மிஷினுக்கு மட்டும் மெட்ராஸ் கரண்டு வேணுமாக்கும்" என்றார். இருந்தாலும் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார்.

ஸ்டெபிலைசர் நன்றாக ஓடுகிறது.

30.8.2025

மிஷின் நின்றுவிட்டது. ஒரு விளக்குகூட இல்லை.

2.9.2025

பெலிக்ஸ் போனில் முகம் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, வாஜித் மிஷினின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் போர்டு. அதுதான் போய்விட்டதாம். "கழட்டி கூரியர்ல போடுங்கம்மா, பத்தே நாள்ல மாத்தி அனுப்பிடுறோம்."

அட்டைப் பெட்டியில் வைக்கும் முன்னால் ஹுஸ்னாவின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, போர்டின் ஓரத்தில் ஜெ.பீ. என்று எழுதினேன். கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் பாத்திரத்தில் எல்லாம் என் பேர் இருக்கும். பேர் இல்லாமல் இந்த வாசலைத் தாண்டி ஒரு கரண்டி போனதில்லை. வாஜித் சிரித்தார். "மாமி, இது பிரியாணி தேக்சா இல்ல." "எதுவா இருந்தா என்ன மாப்ள, நம்ம சாமான்" என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் ஜெய்தூன் பீவியின் கையெழுத்து கோணாது.

15.9.2025

போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம்.

22.9.2025

கஸ்டம்ஸில் நிற்கிறதாம்.

27.9.2025

பெலிக்ஸ் போனை எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.

29.9.2025

கம்பெனியிலிருந்து ஒரு செய்தி. ஹுஸ்னா படித்தாள். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

தீர்ந்துபோச்சாம்ல. யாருக்குத் தீர்ந்துச்சு? இங்க மிஷின் உசுரில்லாம மையத்து மாதிரி கிடக்கு. நட்சத்திரம் கேக்குறாக. நான் என்ன வானத்துக்கா போறது எடுத்துட்டு வர?

திரும்பக் கூப்பிட்டால் புதுசாகப் புகார் கொடுக்கச் சொல்கிறது ஒரு பெண் குரல். அது மனுஷி இல்லை, பதிவு செய்த குரல் என்கிறாள் ஹுஸ்னா. நான் அதனிடம் செத்த நேரம் நியாயம் பேசிவிட்டேன்.

9.10.2025

போர்டு வந்துவிட்டது. புத்தம் புதுசு, அல்ஹம்துலில்லாஹ். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "நான் பேசிக்கிட்டேன் மாமி" என்றார் வாஜித். இப்படி ஒரு மருமகன் கிடைத்தாரே என்று மனசு நிறைந்துவிட்டது. அவரே மாட்டினார். வலது கை சுண்டிவிட்டது போல எழும்புகிறது. அசர் தொழுதுவிட்டு வந்து ஆடினேன். குண்டு மூன்று முறை மேல் சுற்றுக்குப் போய் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"கம்பெனிக்கு ரெண்டு வார்த்த பேசிருங்க மாமி, நன்றி மாதிரி" என்றார் வாஜித். "லேட்டாத்தான் ஆச்சு, ஆனா கைவிடல" என்று ஹுஸ்னாவின் போனில் பேசினேன். பேசியது மனதார.

14.10.2025

ஆயக்குடியிலிருந்து கண்ணம்மாள் என்று ஒருவர் காரில் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பழனி ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கிறாராம், பின்னால் கொய்யாத் தோப்பு. கார்த்திகைக்கு சாமிமார் வண்டி நிற்கும், கூட வரும் பிள்ளைகள் ஆட ஒன்று வேண்டும் என்கிறார்.

"ஏனுங்க, அந்த வீடியோவுல பேசறது நீங்கதானுங்களா? கம்பெனிக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, வாங்கிப்போடறேனுங்க."

எதையும் மறைக்கவில்லை. கை விழுந்தது, இருட்டில் கிடந்தது, நட்சத்திரம் கேட்டது, எல்லாம் சொன்னேன். "ஆனா கடைசியில புதுப் போர்டு குடுத்துச் சரி பண்ணிட்டாங்க. பயப்படாம வாங்குங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போதுமுங்க எனக்கு" என்றார்.

17.11.2025

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

இன்று ஆயக்குடியில் மிஷினுக்குத் திறப்பு. என்னைத்தான் சுவிட்ச் போடச் சொன்னார்கள். எங்கள் மிஷின் மாதிரியே இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. மாலை போட்ட சாமிமார் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். முதல் ஆட்டம் நான் ஆடினேன். கொஞ்ச நேரத்தில் வலது கை சோர்ந்தது. அந்தச் சோர்வு என் விரலுக்குத் தெரியும். பிறகு திரை கறுத்தது.

பெலிக்ஸ் எடுக்கவில்லை. கண்ணம்மாளின் எலெக்ட்ரீஷியன் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்தார். பச்சைப் போர்டு. ஓரத்தில் சிவப்பாக ஜெ.பீ. யாரோ சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், போகவில்லை.

"என்னங்க அப்படியே நின்னுட்டீங்க?" என்றார் கண்ணம்மாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த எழுத்து யாருடையது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

"இது எங்க மிஷின்ல செத்துப்போன போர்டு. இது என் பேரு" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க வாங்குனேன்" என்று மட்டும் சொன்னார், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

18.11.2025

ஹுஸ்னாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்று பெலிக்ஸ் எடுத்துவிட்டார். முதலில், "டெஸ்ட் பண்ணித்தாம்மா போட்டோம்" என்றார். "புதுசுன்னு வித்துப்புட்டு என் வீட்டுப் பழச உள்ள வச்சிருக்கீங்களே, நியாயமா அப்பு?" என்றேன்.

அவருக்கும் பொறுமை போயிற்று. "ஸ்பேரே இல்லம்மா. கோடவுன்ல நின்ன புது மிஷின்ல இருந்து கழட்டித்தான் உங்களுக்கு அனுப்பினோம். உங்க போர்ட சரி பண்ணி அதுல மாட்டினோம். வாஜித் சாருக்கு எல்லாம் தெரியுமே. வீடியோ தர்றேன், எங்ககிட்ட அப்பவே விசாரிச்சிட்டு இருந்த ஆயக்குடி பார்ட்டியையும் உங்கள வச்சு சேத்து விடுறேன்னு அவர் சொன்னதாலதானே உங்களுக்கு முதல்ல குடுத்தோம்."

போனை ஹுஸ்னாவிடம் கொடுத்தேன்.

19.11.2025

லுஹர் தொழுகை முடிந்து வாஜித் சாப்பிட வந்தபோது கேட்டேன். பொய் சொல்லவில்லை அவர். அதுவே பெரிய அடியாக இருந்தது.

"ஹால் ஓடணும்ல மாமி. அவங்க மிஷின் நின்னா அவங்க கம்பெனிகிட்டக் கேட்டுக்குவாங்க. நாம கேக்கலயா?"

"என் வாய வித்துட்டீங்களே மாப்ள."

"உங்களுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டீங்க. அதான் சொல்லல."

ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்காரு. என்னய அம்புட்டு நல்லா அறிஞ்சவரு. கம்பெனிக்காரன் ஏமாத்துனான்னா அவன் யாரோ. மகள் ரிஃபாத் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சரியமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கும் முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது. நன்றி சொல்கிறேன் என்று பல்லைக் காட்டி நான் பேசியதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களா?

22.11.2025

மிஷினைத் திறந்து போர்டைக் கழற்றச் சொன்னேன் ஹுஸ்னாவிடம். அவள் பார்த்துப் பழகியிருக்கிறாள். வாஜித் நிலைப்படியில் வந்து நின்றார்.

"மாமி, அதைக் கழட்டினா நம்மது நின்னுரும்."

"இது நம்மது இல்ல மாப்ள."

நானும் ஹுஸ்னாவும் பழனி பஸ்ஸில் போனோம். அவளே மாட்டினாள். மிஷின் பாடியது. கண்ணம்மாள் என்னை ஆடச் சொன்னார், நான் ஆடவில்லை. "உங்களுதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"கம்பெனி பாத்துக்கும்" என்றேன். இது நான் தெரிந்தே சொன்ன பொய். வேறு எப்படி அவர் முன்னால் நிமிர்ந்து நிற்பது?

பழைய போர்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஹுஸ்னா, "நன்னி, வீடியோ எடுத்த எனக்கும் தெரியாது. சத்தியமா" என்றாள். நம்பினேன். நம்பும் முன்னால் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தேன். இதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை.

29.11.2025

நடந்ததை எல்லாம் எழுதிக் கம்பெனிப் பக்கத்தில் போட்டாள் ஹுஸ்னா. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று கைகூப்பிய படத்தோடு பதில் வந்ததாம். அதற்கு மேலே என் இரண்டு வீடியோவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எடுக்கச் சொன்னோம். புகாராகப் பதிந்துகொண்டார்கள்.

6.12.2025

மிஷினுக்கு உறை போட்டுவிட்டார் வாஜித். பிள்ளைகள் அதன் மேல் பையை வைத்துவிட்டு மற்றது ஆடுகிறார்கள்.

11.1.2026

மத்தியானம் கண்ணம்மாள் போன் செய்தார். தைப்பூசக் கூட்டம் இப்போதே வர ஆரம்பித்துவிட்டதாம். மிஷின் ஒருநாள்கூட நிற்கவில்லையாம். தாராபுரத்தில் இருந்து ஒருவர் வந்து ஆடிப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டாராம்.

"திண்டுக்கல்லுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க சொன்னா கண்ண மூடிட்டு வாங்கலாமுன்னு சொல்லியிருக்கேனுங்க. ஒரு வார்த்தை அவருகிட்டப் பேசறீங்களா?"

முன்பானால் அந்தச் சொல்லை நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பேன்.

"உங்க மிஷின் எப்படி ஓடுதோ அதச் சொல்லுங்க. நல்லா ஓடுனா நல்லா ஓடுதுன்னே சொல்லுங்க. என் பேரச் சொல்லாதீங்க" என்றேன்.

"சரிங்க" என்றார். கொய்யா இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று நானே கேட்டேன். பேசிவிட்டு வைத்தேன்.

சாப்பிடும்போது வாஜித், "யாரு மாமி போன்ல?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் வெஞ்சனம் வைத்தேன்.