தாங்கிய தையல்

அன்புள்ள அத்தைக்கு,

தோள்பட்டைத் தசைநார் கிழிந்தவர்களுக்கு டாக்டர்கள் போடும் தையல் எவ்வளவு தாங்கும் என்று, ஆட்டுத் தோளில் தைத்து மெஷினில் இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. நேற்று முதல்முறையாகத் தையல் பிரியவில்லை; எலும்புதான் முறிந்தது.

காவேரியின் கருமாதியன்று, "அழுதுடுங்க மாப்ள" என்று நீங்கள் கெஞ்சியும் வராத குரல் அப்போது வந்தது. அவள் போன் உங்களிடம் இருப்பதை மறந்து, பழக்கத்தில் அவளைக் கூப்பிட்டுவிட்டேன்.

"தாங்கிடுச்சு காவேரி! என்னா ட்ரீட் வேணும், சொல்லு!"

மறுமுனையில் தறிச் சத்தம் நின்றது.

"நான்தான் மாப்ள," என்றீர்கள். "சாப்ட்டீங்களா?"

மகளைப் பறிகொடுத்தவரிடம் போய் அப்படிச் சிரித்தேனே என்று கூசிப்போய், பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சாப்பிடவில்லை, அத்தை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வரட்டுமா?

உங்கள் மாப்பிள்ளை