கன்னம் சாயும் இடம்

மார்ச் 12
இந்த மொன்டானாவுக்கு வசந்தம் வரவே வராதோ? வெளியே முழங்கால் அளவு பனி. ஆகஸ்டில் நடக்கும் தம்பதிப் போட்டிக்குத் நானே தோட்டா அடைக்க ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி மார்லிஸும் நானும் ஒரே துப்பாக்கியால் சுட வேண்டும். எங்கள் துப்பாக்கிச் சங்கத்து வழக்கம் அது. மூன்று வருஷமாகக் கோப்பை பக்கத்துப் பண்ணைக்காரன் ஓரின் வீட்டில். இந்த வருஷமும் அந்த மீசையைச் சிரிக்க விட்டால் நான் மனுஷனே இல்லை. கையேடு சொல்லும் உச்ச அளவுக்கு மேலும் துளி வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்தேன். அம்மாடி, என்ன வேகம்! தோட்டா அறையைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டும் வழுக்கிக்கொண்டு திறந்தது.

ஜூன் 21
வெயில் வந்துவிட்டது. போல்ட் திறக்கும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. தூசியாக இருக்கும்.

ஜூலை 6
துடைத்தும் பிடிக்கிறது. சுட்ட உறைகளைப் புரட்டிப் பார்த்தேன். உறையின் அடியில் ஊசி குத்தியதும் தீப்பற்றும் சின்ன மூடியான பிரைமரின் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். சப்பையாகிக் கிடக்கிறது. இந்தத் தடவை வாங்கிய பிரைமரே மெல்லிசாம் — யார் சொன்னது? யாருமில்லை. நான்தான்.

ஜூலை 19
இப்போது உறையின் அடியில் பளபளவென்று ஒரு தழும்பு. அழுத்தம் தாங்காமல் பித்தளையே போல்ட்டின் ஓட்டைக்குள் பிதுங்கியிருக்கிறது. மைதானத்தில் ஓரின் அதைப் பொறுக்கிப் பார்த்துவிட்டான்.

"என்னப்பா, பித்தளைக்கு இஸ்திரி போட்டியா? பனியில அடைச்ச தோட்டா வெயில்ல வேற ஆளாயிடும், சூட்டுல அழுத்தம் ஏறிடும். மருந்தைக் கொறை."

"தோத்துருவோம்னு பயமா?" என்றேன்.

சிரிக்கிறான்! எரிச்சலாக வருகிறது. வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 2
"உள்ளங்கையில என்ன ரத்தக்கட்டு?" மார்லிஸ் கேட்டாள். வேலி அடித்தேன் என்றேன். போல்ட்டைக் கையால் தட்டித் தட்டித் திறக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மருந்தைக் குறைத்தால் வேகம் போகும். வேகம் போனால் கோப்பை போகும். ஒரே ஒரு நாள் தாங்காதா?

ஆகஸ்ட் 9
அனல். டிரக்கில் கிடந்த தோட்டாப் பெட்டியே கையைச் சுட்டது. பெண்கள் முதலில். மார்லிஸ் பாயில் படுத்து, தோட்டாவை ஏற்றி, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தாள். போல்ட்டை ஒட்டி அவள் கண். இத்தனை மாதம் அங்கே என் முகம்தான் இருந்தது. அப்போதெல்லாம் இது முகத்தில் வெடித்தால் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

"சுடாதே!"

மைதானமே திரும்பியது. தோட்டாவை வெளியே எடுத்தேன். காரணத்தை எல்லார் முன்னாலும் சொன்னேன். ஓரினும் கேட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டிரக்கில் ஏறியதும் மார்லிஸ் பிடித்துக்கொண்டாள். "அப்போ உன் மூஞ்சின்னா பரவாயில்ல, அப்படித்தானே? நீ கண்ணு போய் நின்னா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு தடவையாவது நெனச்சியா?"

நினைக்கவில்லை. கோப்பையைத்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 10
காலையிலிருந்து தோட்டாக்களைத் தட்டிக் குண்டைக் கழற்றுகிறேன். எதிரே உட்கார்ந்து மார்லிஸ் மருந்தைக் கொட்டுகிறாள். கடைசி உறை காலியானதும் தராசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இனிமே மருந்து நான்தான் அளப்பேன்."

சரி என்றேன்.