இல்லாத ரெஃப்ரிக்கு நாலு தையல்

ஜூலை 8, செவ்வாய். காலையிலேர்ந்து மழ.

கேட்டது யாரு குமார் சார்? நீங்கதானே? நானா வந்து ஒங்க ஸ்போர்ட்ஸ் ஆபிஸ் கதவ தட்டுனேன்? நீங்கதான் டீ கப்போட கார்டு போஸ்ட்டுக்கு வந்தீங்க. "அங்கிள், அந்த தேவி ஒங்க எஸ்டேட் ஆளாமே, எப்படி?"ன்னு நீங்கதான் கேட்டீங்க. நான் ஜாகா, கேட்டு தொறந்து மூடறவன். என்கிட்ட கேட்டா தமாசுதான் வரும். காலேஜுக்கே தெரியும்.

(சார் இங்க இல்ல. நோட்டுலதான் சண்ட.)

விசயம் இதான். பொண்ணுங்க பாஸ்கட்பால் டீமுக்கு புது ஹெட் கோச் எடுக்கறாங்க. போன வாரம் இன்டர்வியூ, மூணு பேரு. ஒண்ணு தேவி. செர்காம் பக்கம் எங்க பழைய எஸ்டேட்டு மாரிமுத்து மக. எனக்கு மருமக மொற. சின்னதுலேர்ந்து நான் ஓட்டுவேன், அவ திருப்பி ஓட்டுவா. மாமன்னா கிண்டல் பண்ணணும், எங்க லயத்துல அப்படித்தான்.

"அவளா சார்? ஜாசின் மேட்ச்ல ரெஃப்ரி மண்டைய பந்தாலயே பொளந்தவ. நாலு தையல்!"ன்னேன். சார் சிரிச்சாரு. நானும்.

அப்படி ஒரு மேட்சே இல்ல.

வாங்கணும்: டார்ச் பேட்டரி, கருவாடு, மூட்டுக்கு தைலம்.

ஜூலை 9, புதன். நல்ல வெயில்.

கேண்டீன்ல, ஆபிஸ்ல கணக்கெழுதற கிராணி புள்ள பக்கத்துல இருந்தவகிட்ட சொல்லிட்டிருந்தா: "தேவிக்குத்தான் மார்க் ஜாஸ்தி லா. ஆனா கோவக்காரியாம், ரெஃப்ரிய அடிச்சிருக்காம். ஜாகா அங்கிளே சொன்னாராம்."

மீ கோரெங் நூடுல்ஸ பாதியிலேயே வச்சிட்டேன்.

வெள்ளிக்கிழம முடிவாம். நாளைக்கி போயி சொல்லிடணும். இன்னைக்கே போயிருக்கலாம். கால் வலின்னு எனக்கே பொய் சொல்லிக்கிட்டேன்.

ஜூலை 10, வியாழன். மோடம் போட்ட வானம்.

போனேன். யூனிஃபார்ம் பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு.

"சார், அது சும்மா சொன்னது. அவ யாரையும் அடிக்கல."

"அங்கிள், இப்ப மருமகள காப்பாத்த வந்திருக்கீங்க. அன்னிக்கி வாய்தவறி வந்ததுதான் நெசம்."

"இல்ல சார், சாமி சத்தியமா."

"போன மாசம் காலேஜ் பக்கத்து டேம்ல மொதல இருக்குன்னு கூட சாமி சத்தியம் பண்ணீங்களே? பசங்க மூணு நாளு அந்த பக்கமே போகல."

அந்த மொதலக் கதைய விட்டதும் நாந்தான்.

ஜூலை 11, வெள்ளி. மறுபடி மழ.

வேற ஆளு. சிரம்பான்காரரு. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க.

டீம் புள்ளைங்க போஸ்ட்டுகிட்ட ஒதுங்கி நின்னுச்சிங்க. "அந்த அக்கா ஏன் வரல அங்கிள்? இன்டர்வியூ அன்னிக்கி எங்கள ஓடவிட்டு, அவங்களும் கூடவே ஓடுனாங்களே."

குடைய தேடற மாதிரி மேசைக்கு கீழ குனிஞ்சிக்கிட்டேன். அதுங்க போற வரைக்கும் நிமிரல.

ஜூலை 12, சனி.

பஸ் புடிச்சி பாச்சாங் போனேன். அங்க ஒரு கோர்ட்டுல தேவி சின்ன புள்ளைங்களுக்கு சொல்லித் தர்றா. என்னப் பாத்ததும், "என்ன மாமா, இன்னும் சாகலையா?"

நானாவது வாய அடக்கியிருக்கணும். "ஒன் கையால நாலு தையல் போட்டுக்கிட்டு சாவலாம்னு வந்தேன்."

"என்ன தையல்?"

சொன்னேன். எல்லாத்தையும். நடுவுல நடுவுல சிரிப்பு வேற. பயந்தா எனக்கு சிரிப்புதான் வரும்.

பந்த தரையில தட்டிக்கிட்டே கேட்டா. அப்பறம் தட்டறது நின்னுச்சி.

"ஏன் கெடைக்கலன்னு ஃபோன் பண்ணி கேட்டேன் மாமா. 'டெம்பர்'னாங்க. எட்டு வருசமா ஒரு புள்ளைய நான் திட்டுனதில்ல. யார திட்டுனேன், யார திட்டுனேன்னு ஒக்காந்து யோசிச்சேன்."

"தேவி, நான் சார்கிட்ட போயி..."

"இதையும் சிரிச்சிக்கிட்டேதான் சொல்றீங்க."

விசில வாயில வச்சிக்கிட்டு புள்ளைங்க பக்கம் நடந்துட்டா. மன்னிச்சிக்கங்கற வார்த்த இன்னும் என் வாயிலேயே கெடக்கு.